ஏழாம் நாள் நுரை

புஹேரா
2 ஜூன் 1985

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் அங்கே நலமென்றால் இங்கே நானும் பிள்ளைகளும் நலம். ஷுவாய் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். தோங்காய்க்கு இருமல் விட்டபாடில்லை.

நாள் குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. அதற்குள் ஜைரோசி போய் ஒரு வருடம் முடிந்துவிடும். அன்றைக்கு அவர் ஆவியை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். என் கறுப்புத் துணியையும் அன்றோடு கழற்றலாம்.

சடங்குக்கான பீரை நான்தான் காய்ச்ச வேண்டுமாம். மற்ற வீடுகளில் வயதான பெண்கள் கூடிக் காய்ச்சுவார்கள். இந்தக் குடும்பத்திலும் இவர்கள் பெண் கொடுத்த ஒரு சில வீடுகளிலும் மட்டும் விதவை தன் கையால் காய்ச்ச வேண்டும், பானையில் வேறு கை படக்கூடாது. ஏழாம் நாள் காலையில் பானை நுரைத்துப் பொங்கினால் அவள் துக்க வருடத்தைச் சுத்தமாகக் காத்தாள் என்று அர்த்தம். பொங்காவிட்டால் வேறொருவனோடு இருந்தாள் என்று அர்த்தம். நேற்று எல்லோரும் கூடியிருந்தபோது என் கொழுந்தன் மண்டாசா என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: “பொங்கலைன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு உங்க அப்பா வீட்டுக்குப் போயிடணும். புள்ளைங்க எங்க ரத்தம், இங்கதான் இருக்கும்.” ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. என் நாத்தனார் கெரேசியா மூக்குப்பொடியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடுவதால் நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். புருஷனை இழந்து, அங்கே இதே பீரைத் தன் கையால் காய்ச்சிவிட்டு வந்து, இருபது வருடமாக இங்கேயே இருக்கிறார், பிள்ளை கிடையாது. நான் தண்ணீருக்குப் போனால்கூட எத்தனை நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியும்.

அக்கா, பீரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? சபை மூப்பரின் பெண்கள் என்று பீர் வாடை அடிக்கிற தெருவில்கூட அப்பா நம்மை விட்டதில்லை. நீ டவுனில் இருக்கிறாய். யாரையாவது கேட்டு எழுது. போதகர் பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது என்று திட்டாதே. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை,
ரேவாய்


க்வேரு
15 ஜூன் 1985

என் செல்லத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமென்று எழுதியிருக்கிறாய், எழுத்து ஆடுவதைப் பார்த்தால் நான் நம்பமாட்டேன். தோங்காய்க்கு கொய்யா இலையைக் கொதிக்கவைத்துக் கொடு.

திட்டாதே என்றாய், திட்டத்தான் போகிறேன். ஒரு வருடம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது மூன்று மாதம் இருக்கும்போது எழுதுகிறாயே! போகட்டும். எங்கள் சபைக்குப் பின்தெருவில் மாசிபண்டா என்று ஒருத்தி பீர் காய்ச்சி விற்கிறாள். உன் அத்தான் மூன்று பிரசங்கங்களில் பெயர் சொல்லாமல் அவளை நரகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவள் வீட்டுக்கு நான் பட்டப்பகலில் போய் நின்றேன். “போதகர் வீட்டம்மாவா? வாங்க வந்தீங்களா, கவுக்க வந்தீங்களா?” என்று கேட்டாள். கத்துக்க வந்தேன் என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு உன் கதையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவள் சொன்னது இதுதான். முதல் நாள் கேழ்வரகு மாவைக் கூழாக்கிக் கொதிக்கவிட வேண்டும். ஆறவைத்து, முளைகட்டிக் காயவைத்து இடித்த முளைமாவைக் கலக்கி மூடிவிடு. நான்காம் நாள் மறுபடி காய்ச்சி மறுபடி ஆறவிடு. ஆறாம் நாள் கடைசி முளைமாவு. இதை இனிமேல் அடுப்பில் ஏற்றக்கூடாது. ஏழாம் நாள் காலையில் அது தானாகப் பொங்கும். உயிர் முழுக்க முளைமாவில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் கூழ்.

முதலில் ஒரு சின்னப் பானையில் யாருக்கும் தெரியாமல் காய்ச்சிப் பார். எடுத்த எடுப்பில் ஊர் முன்னால் போய் நிற்காதே. உன் கடிதங்களை நான் தபால் பெட்டியிலிருந்து நேராக எடுத்துப் பாட்டுப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். அத்தானுக்குத் தெரியாது.

உனக்காக வேண்டிக்கொள்ளும்
மைதேய் அக்கா


புஹேரா
29 ஜூன் 1985

அன்புள்ள அக்கா,

நலம்தானே? கொய்யா இலைக்கு இருமல் கேட்டது, தோங்காய் இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறான்.

பொங்கவில்லை, அக்கா.

நீ எழுதியபடியே செய்தேன். ஆற்றுக்குப் போகிற வழியில் பாறை இடுக்கில் ஒரு சின்னப் பானையை ஒளித்துவைத்தேன். சடங்குக்கென்று அத்தை பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த முளைமாவு ஒரு பை இருக்கிறது. இந்த வீட்டு அடுப்படிப் பரணில் காய்ந்த மாவுதான் முன்னோருக்கு ஆகுமாம். அதிலிருந்தே இரண்டு கை எடுத்துக் கலந்தேன். கூழுக்கான மாவை அரைக்க இந்த வாரம் மூன்று தடவை மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. ஏழாம் நாள் காலையில் ஓடிப்போய் மூடியைத் திறந்தால் மேலே கலங்கல் தண்ணீர், அடியில் சேறு. ஒரு குமிழிகூட இல்லை. புளித்த வாடைதான் வந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அத்தை என் குடத்தைப் பார்த்தார், பிறகு சூரியனைப் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் பொங்கவில்லை என்று அவளைக் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது.

ரேவாய்


க்வேரு
12 ஜூலை 1985

என் தங்கைக்கு,

நாங்கள் நலம். சாப்பிடுகிறாயா? மறைக்காமல் சொல்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் மாசிபண்டா கேள்விமேல் கேள்வி கேட்டாள். கூழ் சூடாக இருக்கும்போதே மாவைப் போட்டாளா? பானையைச் சோப்புப் போட்டுக் கழுவினாளா? இரண்டும் இல்லையென்றால் மாவைத்தான் பார்க்க வேண்டும். “ஒரு சிட்டிகை வாயில போட்டு மெல்லச் சொல்லுங்க. உசுரோட இருக்கிற மாவு இனிக்கும். அடுப்புச் சூட்டுல காஞ்சது கசக்கும். அது செத்த மாவு, அத வச்சுக்கிட்டு மூதாதையரே வந்து காச்சினாலும் பொங்காது.” முளைத்ததை வெயிலில்தான் காயவைக்க வேண்டுமாம்.

நான் கிளம்பும்போது, அந்தப் பெண்ணுக்குப் பயப்படக் காரணம் ஏதும் இருக்கிறதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். என் தங்கையைப் பற்றி என்ன பேச்சு என்று சண்டைக்குப் போனேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். ஒரு சின்னப் பானைக்கு எவ்வளவு மாவு வேண்டும் ரேவாய்? அதற்கு எதற்கு மூன்று தடவை மில்லுக்கு?

மாவை வாயில் போட்டுப் பார். உடனே எழுது.

மைதேய் அக்கா


புஹேரா
23 ஜூலை 1985

அன்புள்ள அக்கா,

நீ நலமென்று நம்புகிறேன். நான் சாப்பிடுகிறேன்.

மாவு கசக்கிறது. தீய்ந்த வாசனை. என் மேல் தப்பில்லை, மாவு செத்துக் கிடந்தது என்று நினைத்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்ல? அத்தை கொடுத்த மாவு கெட்டது என்று வாயைத் திறந்தால், பழியை முன்கூட்டியே எங்கள் தலையில் போடுகிறாள் என்பான் மண்டாசா. அத்தை தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்று யோசித்து மண்டை காய்கிறது. சடங்கு கலைந்தால் பிள்ளைகள் அவர் மடிக்குத்தான் போகும்.

அதனால் நானே முளைகட்டப் போகிறேன். ஜைரோசி கடைசியாக அறுத்த கேழ்வரகில் ஒரு படி விதைக்கென்று வைத்திருந்தேன். அதைச் சாக்கில் கட்டி இன்று காலை ஆற்று நாணலுக்குள் நனையப்போட்டேன். நாளை மறுநாள் கரைக்கு எடுத்துவிடுவேன். ஆனால் இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. இந்தக் குளிரில் முளைக்குமா? முளைத்துக் காய்ந்து இடித்து எடுக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 25 அன்று அடுப்பு மூட்டியாக வேண்டும்.

ஷுவாய் உனக்கு ஒரு மாடு வரைந்திருக்கிறாள். கால் ஐந்து இருக்கிறது, கண்டுகொள்ளாதே.

ரேவாய்


க்வேரு
1 ஆகஸ்ட் 1985

ரேவாய்,

நாங்கள் நலம், அதைப் பற்றி இப்போது என்ன.

சாக்கின் மேல் கம்பளி ஏதாவது போட்டு மூடு. தினமும் தண்ணீர் தெளித்துக் கிளறிவிடு, ஒரு நாள் காய்ந்தாலும் முளை கருகிவிடுமாம். வேர் விரல்நகம் நீளம் வந்ததும் வெயிலில் பரப்பு. அரைக்க மில்லுக்குப் போகாதே, அங்கேயே பாறையில் வைத்துக் கல்லால் இடி.

போன கடிதத்தில் நான் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். மாட்டுக்கு எத்தனை கால் என்பதுவரை எழுதியிருக்கிறாய். மறுபடி கேட்கிறேன். மில்லுக்கு ஏன் போனாய்?

மாசிபண்டாவிடம் நானாகவே ஒன்று கேட்டேன். உண்மையிலேயே தப்புச் செய்தவள் காய்ச்சினால் பொங்காதா என்றேன். “பீருக்குக் கண்ணா இருக்கு?” என்றாள். அவள் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். நம்மை அப்படி வளர்க்கவில்லையே.

அக்கா


புஹேரா
7 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் நலமா? மாசிபண்டா அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

நீ சொல்லும் முன்பே சாக்கை மூடியிருந்தேன். என்னிடம் கம்பளி ஒன்றுதான், அது பிள்ளைகளுக்கு. ஜைரோசி சுரங்கத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய பெரிய கோட்டு இருக்கிறதே, அதைப் போட்டு மூடினேன். அவர் பொருளில் என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

போன வாரம் தோங்காய்க்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. இரண்டு நாள் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. முளையெல்லாம் கருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் நாள் ஓடினேன். அக்கா, சாக்கு ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டிருக்கிறார்கள். நான் கோட்டைச் சுருட்டித்தான் போட்டிருந்தேன். இப்போது அது பித்தான் போட்டு, கைகள் இரண்டும் உள்ளே மடித்து ஒழுங்காகப் போர்த்தியிருந்தது.

யாருக்கோ தெரிந்திருக்கிறது. யார், எதற்காக என்று தெரியவில்லை. மண்டாசா என்றால் அங்கேயே காலால் எத்தியிருப்பான். யாரைப் பார்த்தாலும் இவர்தானோ என்று தோன்றுகிறது.

முளை நன்றாக வந்திருக்கிறது. இன்று பாறைமேல் பரப்பிவிட்டு வந்தேன். வெயில் போதுமா என்று மட்டும் கேட்டு எழுது.

ரேவாய்


க்வேரு
13 ஆகஸ்ட் 1985

கர்த்தருக்குள் பிரியமான ரேவாய்க்கு,

கிருபையும் சமாதானமும் உண்டாவதாக. பிள்ளைகளின் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்.

இந்த வாரம் தபால் பெட்டியை நான் திறந்தேன். உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு பாட்டுப்புத்தகத்தில் மற்றவை இருப்பதையும் கண்டேன், அவற்றை வாசிக்கவில்லை. என் மனைவி எந்த வீட்டு வாசலில் போய் நின்றாள் என்பதைத் தெருவே அறிந்திருக்கிறது, நான் மட்டும் அறியவில்லை. மேடையில் நின்று பேச எனக்கு இனி எந்த முகம் இருக்கிறது என்று யோசித்துப் பார்.

மைதேய் இதைப் பற்றி இனி எழுதமாட்டாள். நீயும் எழுத வேண்டாம்.

ஈசாக்


புஹேரா
19 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அக்கா,

இதை அத்தான்தான் பிரிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். அத்தான், நலமாக இருக்கிறீர்களா? உங்கள் பெயருக்கு என்னால் வந்த கெடுதலுக்கு மன்னித்துவிடுங்கள். அக்காவைக் கோபிக்காதீர்கள், கேட்டது நான்.

அக்கா, நீ இரண்டு தடவை கேட்டாய். ஆமாம். மார்ச் மாதம் ஒரு நாள். மழை, மில் பெல்ட் அறுந்துவிட்டது, மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மில்லுக்காரர் கிதியோன் அதுவரை என்னிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். ஜைரோசி போன பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் மேல் பழி போடமாட்டேன், எனக்கும் மனமிருந்தது. அந்த ஒரு நாளோடு சரி. ஜூன் மாதம் மூன்று தடவை போனது, சடங்கு முடிந்ததும் பெண் கேட்டு வருவேன் என்று அவர் சொல்லிவிட்டதால். வராதே, என் பிள்ளைகள் போய்விடும் என்று கெஞ்சத்தான் போனேன். மூன்றாம் தடவைதான் சரியென்றார். சாக்குக்குத் தண்ணீர் ஊற்றியது அவரோ என்றுகூட ஆள்விட்டுக் கேட்டேன். அவருக்கு ஆற்றங்கரையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முளைமாவு காய்ந்துவிட்டது. பாறையிலேயே இடித்து, அத்தை கொடுத்த பையில் அவர் மாவைக் கொட்டிவிட்டு இதைப் போட்டுக் கட்டிவிட்டேன். வாயில் போட்டால் இனிக்கிறது. இனித்து என்ன? கெட்டது மாவா நானா என்று ஜூலையில் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரவும் பகலும் மறுபடி அதே கேள்விதான் ஓடுகிறது. பொங்காவிட்டால் நான் போய்விடுவேன், அழமாட்டேன். ஷுவாய்க்கு இருட்டில் தூங்கப் பயம், அதைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லை. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அத்தான், இதை அக்காவிடம் கொடுங்கள்.

ரேவாய்


க்வேரு
26 ஆகஸ்ட் 1985

என் ரேவாய்,

கடிதம் என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் இருந்தது. மூன்று நாளாக அத்தான் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம், உன்னை அங்கே தனியாக விட்ட என்மேல் அதைவிடக் கோபம். நீ என் தங்கை. அது பீர் பொங்குவதைப் பொறுத்தது இல்லை.

இன்று காலை நான் அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடி சொன்னார்: “கூழ நல்லா ஆறவிடச் சொல்லு. எங்க அம்மா முழங்கைய விட்டுப் பாப்பாங்க, சுடக்கூடாது.” அவ்வளவுதான். பிறகு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அம்மா பீர் காய்ச்சினாள் என்று பதினோரு வருடத்தில் இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இது உன் கைக்கு எப்போது கிடைக்குமோ.

அக்கா


புஹேரா
3 செப்டம்பர் 1985

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நல்லவேளை, முழங்கையை நானும் விட்டுப் பார்த்திருந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆறாம் நாள், கடைசி மாவைக் கலக்க நான் பையை அவிழ்க்கும்போது மண்டாசா எழுந்து வந்தான். பைக்குள் கைவிட்டு எடுத்து மோந்து பார்த்தான். “இதுல புகை வாடையே இல்ல. இது நம்ம பரண் மாவு இல்ல” என்றான். எல்லோர் கண்ணும் அத்தை மேல் போனது. அவர் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மெதுவாக மென்றார். எவ்வளவு நேரம் மென்றார் தெரியுமா! பிறகு சொன்னார்: “நான் காயவச்ச மாவு எனக்குத் தெரியாதா? இதுதான் அது. போய் உக்காரு.”

ஏன் பொய் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. நான் மாவைக் கலக்கி மூடினேன்.

மறுநாள் காலை மூடியை நான்தான் தூக்க வேண்டும். மண்டாசா என் தோளுக்குப் பின்னால் நின்றான். தூக்குவதற்கு முன்பே காதில் விழுந்தது, அக்கா. சிறுமழை பெய்கிற சத்தம். தூக்கினேன். நுரை விளிம்பைத் தாண்டி என் கையில் வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மண்டாசா சடங்குக்கான மாட்டைக் கொண்டுவரப் போய்விட்டான்.

பிறகு ஜைரோசியின் தடியைத் தரையில் கிடத்தினார்கள். துக்க வருடத்தில் சுத்தமாக இருந்தவள்தான் அதைத் தாண்டலாம். தாண்டினால் பொய், தாண்டாவிட்டால் பிள்ளைகள் போச்சு. தோங்காய் கூட்டத்தில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினான். உன் கோட்டைப் போட்டுத்தான் இதை முளைக்கவைத்தேன், நீயே பார்த்துக்கொள் என்று ஜைரோசியிடம் மனதுக்குள் சொல்லிவிட்டுத் தாண்டினேன். விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஆற்றில் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பானையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே பேசினார்.

“செத்த மாவுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். நீ போயிட்டா புள்ளைங்க எனக்குன்னு நெனச்சேன்.”

நான் கையிலிருந்த பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“நீ ஒளிச்சு வச்சத ஆத்துல தள்ளிவிடத்தான் வந்தேன். பாத்தா எந்தம்பி கோட்டு. அவனே குளிர்ல படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. தள்ள மனசு வரல, தண்ணி ஊத்திட்டுப் போயிட்டேன்.”

என்னால் தாங்க முடியவில்லை. “அத்தை, நான் சுத்தமா இருக்கல” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டார்.

“எனக்கும் பொங்குச்சு, ரேவாய்” என்றார்.

மிச்சப் பானைகளை இரண்டு பேருமாகக் கழுவித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மாசிபண்டா அம்மாவுக்கு ஒரு சிறுபை முளைமாவு அனுப்புகிறேன். அத்தானிடமும் சொல்லியே கொடு. எடுத்தவுடன் எழுத மறந்துவிட்டேன், இப்போது எழுதுகிறேன். நீயும் அத்தானும் அங்கே நலமென்றால், இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம்.

உன் தங்கை,
ரேவாய்